வெயிலில் செத்த கம்பி

கார்களுக்குப் பாட்டுப் பெட்டியும் கேமராவும் மாட்டித் தரும் அந்தக் கடையில் அவனுக்கு எறும்பு என்று பெயர். அவன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. டீயைக்கூட நின்றுகொண்டுதான் குடிப்பான். அதையும் ஒழுங்காகக் குடிப்பானா என்றால் இல்லை. இரண்டு மிடறு, உடனே கிளாஸை ஏதாவது ஒரு காரின் கூரைமேல் வைத்துவிட்டு உள்ளே தலையை விட்டு எதையாவது நோண்டிவிட்டு வருவான். ஒருமுறை டீக்கிளாஸைக் கூரையில் சுமந்தபடியே ஒரு வண்டி தெருமுனை வரைக்கும் போய்விட்டது. பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடியவனும் இவன்தான்.

வீட்டிலும் இதே கூத்து. மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். இவன் அவளைச் சுற்றி நடந்துகொண்டிருப்பான். படுத்த பிறகு எழுந்துபோய் கேஸை மூடியாயிற்றா என்று பார்ப்பான். கதவைப் பார்ப்பான். திரும்ப வந்து படுத்து, கேஸைத்தான் பார்த்தோமா, கதவைத்தான் பார்த்தோமா என்று குழம்பி மறுபடி எழுந்து போவான்.

"நம்ம வீட்டுல திருடறதுக்கு என்னங்க இருக்கு? அப்படியே ஒருத்தன் வந்தாலும் நீங்க நடக்கிற நடையைப் பார்த்து வேற வீட்டுக்குப் போயிடுவான். படுங்க!" என்பாள் மனைவி.

இந்த மனுஷனுக்கு இந்தத் தொழில் அமைந்ததே ஒரு வேடிக்கை. முதலில் ஒரு துணிக்கடையில் கல்லாவில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தால்தானே! ஒரு வாரத்தில் அவர்களே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். பிறகொரு நாள், தன் மோட்டார் சைக்கிளின் ஹாரன் ஒரு மாதிரி கத்துகிறது என்று பிரித்துப் போட்டான். மறுபடி பூட்டத் தெரியவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தான். ஹாரனைச் சரிசெய்யும்போது பக்கத்தில் நின்று ஆயிரம் கேள்வி கேட்டான். மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். மூன்றாம் நாள் முதலாளி பொறுமையிழந்து, "சும்மா நின்னு உயிரை வாங்காதே, அந்த ஸ்க்ரூவைப் பிடி" என்றார். அன்று பிடித்ததுதான், வருஷம் பத்தாகிறது.

அந்தத் தொழிலின் சூட்சுமம் ஒரே வரியில் அடங்கும்: சாவி போட்டால் எரிய வேண்டும், சாவி எடுத்தால் அணைய வேண்டும். சொல்ல என்ன, சுலபம்தான். டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே குடல் குடலாகக் கம்பிகள் தொங்கும். சில கம்பிகளில் எந்நேரமும் கரண்ட் இருக்கும். தெரியாமல் அதில் ஒன்றில் கேமராவை மாட்டினால் வண்டி நின்ற பிறகும் அது பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே கிடக்கும். காலையில் வண்டி கிளம்பாது. வண்டிக்காரர் கடைக்கு வந்து நம் பரம்பரையையே இழுத்துப் பேசுவார். சாவியோடு உயிர் பெற்றுச் சாவியோடு உயிர் விடுகிற கம்பி எது என்று தேடிப் பிடிக்க வேண்டும். எறும்பு ஊசிமுனை டெஸ்ட் விளக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகக் குத்திப் பார்ப்பான். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

அப்படிப்பட்டவன் கையால்தான் அந்தத் தப்பு நடந்தது.

அன்று காலையில் ஒரு கணக்கு வாத்தியார் தன் புது வெள்ளைக் காரோடு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. தெருவில் ஆளே இல்லாவிட்டாலும் இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்புவேன் என்கிற முகம். கூட அவர் மனைவி. நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்கில் மெல்லிய டியூப். டியூபின் மறுமுனை ஒரு சின்னப் பெட்டியில் இருந்தது. அது ஆக்சிஜன் மெஷின். அந்த அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய் இரண்டு வருஷமாகிறது. மெஷின் இல்லாமல் ஒரு மாடிப்படி ஏற முடியாது.

"பொட்டல் காட்டு ரோட்டுல ஆறு மணி நேரம் போகணும் தம்பி," என்றார் வாத்தியார். "மெஷின்ல இருக்கிற பேட்டரி ரெண்டு மணி நேரம்கூட முழுசாத் தாங்காது. சிகரெட் சாக்கெட்டுல சொருகிப் பார்த்தேன், ஃபியூஸ் போயிடுச்சு. இதுக்குன்னு தனியா ஒரு சாக்கெட் போட்டுக் குடுங்க. ஆனா சாவி எடுத்தா அது அணைஞ்சிடணும். எனக்கு ஞாபக மறதி. வழியில நிறுத்திட்டுத் திரும்ப வந்து பார்த்தா வண்டி கிளம்பலைன்னா என் கதி அதோகதி."

"எங்க சார் போறீங்க?"

அதற்கு அந்த அம்மாதான் பதில் சொன்னாள். நான்கு வார்த்தை பேசுவாள், மூச்சு வாங்குவாள், மறுபடி பேசுவாள். "என் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்திருக்கு. பொண்ணு. அவளை வளர்த்தது நான்தான் தம்பி. எங்க அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க. போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்றார், இவர் சொல்றார், எல்லாரும் சொல்றாங்க. மெஷினுக்குக் கரண்ட் இருந்தா போலாமில்ல?"

"தாராளமாப் போலாம்மா," என்றான் எறும்பு.

வேலையில் குறை சொல்ல முடியாது. பேட்டரியிலிருந்து தடித்த கம்பியை நேராக இழுத்தான். நடுவில் ஃபியூஸ் வைத்தான். ஒரு ரிலேயும் வைத்தான். ரிலே என்பது வாசலில் நிற்கிற காவல்காரன் மாதிரி. சாவிக் கம்பி ஒன்று கண்ணைக் காட்டினால் போதும், 'டிக்' என்று கதவைத் திறந்து தடித்த கம்பியின் கரண்ட் முழுவதையும் உள்ளே விடும். இனி கண்ணைக் காட்டுகிற அந்த மெல்லிய கம்பியைத் தேட வேண்டும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த பட்டன்களுக்குப் பின்னால் கைக்கு எட்டுகிற மாதிரியே ஒன்று கிடைத்தது. சாவி போட்டான், டெஸ்ட் விளக்கு எரிந்தது. எடுத்தான், அணைந்தது. அவன்தான் எறும்பாயிற்றே, ஒரு தடவையோடு விடுவானா? போட்டான், எடுத்தான், போட்டான், எடுத்தான். பாட்டுப் பெட்டி மாட்டுகிற சக தொழிலாளி, "சாவி தேஞ்சிடப் போகுதுடா" என்று கத்துகிற வரைக்கும் பார்த்தான். மெஷினைச் சொருகினான். கரண்ட் வருகிறது என்று அதில் பச்சை விளக்கு எரிந்தது. அந்த அம்மா அதைப் பார்த்து, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரிச் சிரித்தாள். வண்டி கிளம்பிப் போயிற்று.

கடை நீளமான தகர ஷெட். உள்ளே பின்பக்கம் பட்டப்பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும்.

அவர்கள் போய் முக்கால் மணி நேரம் இருக்கும். அதே கம்பெனியின் அதே மாதிரிக் கார் ஒன்று கேமரா மாட்ட வந்தது. எறும்பு ஷெட்டுக்குள் நின்று, "வா வா, வா" என்று கையாட்டினான். கார் வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்தது. உள்ளே வந்ததுமே, யாரும் எதையும் தொடாமல், அதன் முன்விளக்குகள் தாமாகவே எரிந்தன. கூடவே டேஷ்போர்டு பட்டன்களில் இருந்த எழுத்துகள் எல்லாம் பளிச்சென்று எரிந்தன.

எறும்பு கையாட்டுவதை நிறுத்தினான்.

இருட்டைக் கண்டால் விளக்கைத் தானே போட்டுக்கொள்கிற கார் அது. ஷெட் இருட்டு. காலையில் வாத்தியாரின் காரிலும் சாவி போட்டதும் முன்விளக்கு எரிந்தது; டேஷ்போர்டுக்குள் தலையை விட்டிருந்தவன் அதைக் கவனிக்கவில்லை. அதோடு சேர்ந்து பட்டன் எழுத்துகளுக்குப் போகிற கம்பியிலும் கரண்ட் வந்தது. சாவி எடுத்ததும் விளக்கு அணைந்தது, கம்பியும் செத்தது. அவன் பிடித்தது சாவிக் கம்பியே இல்லை, விளக்குக் கம்பி! எத்தனை தடவை சாவியைத் திருகினால் என்ன, அத்தனை தடவையும் அதே இருட்டுக்குள் நின்றுதானே திருகினான்! வெயிலில் போனால் விளக்கு அணையும். விளக்கு அணைந்தால் ரிலே மூடிக்கொள்ளும். வாசலைத் தாண்டிய மறு நிமிஷமே அந்த மெஷின் தன் சொந்த பேட்டரியைத் தின்ன ஆரம்பித்திருக்கும். உறுதி செய்துகொள்ள, வந்த காரை வெளியே வெயிலுக்கு எடுக்கச் சொல்லி அதே கம்பியைக் குத்திப் பார்த்தான். டெஸ்ட் விளக்கு கண்ணே திறக்கவில்லை.

வாத்தியாரின் நம்பருக்குப் போன் போட்டான். அணைத்து வைத்திருந்தார். வண்டி ஓட்டும்போது போன் தொடக்கூடாது என்றால் தொடவே மாட்டார், அப்பேர்ப்பட்ட மகான்! மறுபடி போட்டான். மறுபடியும் போட்டான்.

"என்னடா ஆச்சு, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்று முதலாளி வந்தார். எறும்பு சொன்னான். கேட்டுவிட்டு அவரும் கொஞ்சம் வெளுத்துத்தான் போனார். ஆனாலும் முதலாளி இல்லையா, தைரியம் சொல்ல வேண்டாமா?

"சார்ஜ் குறைஞ்சா மெஷினே சத்தம் போடும்டா. வண்டியை நிறுத்திப் பார்த்துப்பாங்க."

"நிறுத்தி? அந்த ரோட்டுல பொட்டல் காடுதான் இருக்கு. ஒரு கரண்ட் கம்பம் கிடையாது. வண்டியைப் பொட்டல்ல நிறுத்தி வெச்சு என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே எறும்பு டூல்ஸ் பையைத் தோளில் மாட்டினான்.

"அவங்க ஒரு மணி நேரம் முன்னாடி போயிருக்காங்கடா. எங்கேன்னு போய்ப் பிடிப்பே?"

"அவர் ஓட்டுற வேகத்துக்கு நடந்தே பிடிக்கலாம்," என்று சொல்லிவிட்டு முதலாளியின் மோட்டார் சைக்கிள் சாவியை அவர் கையிலிருந்தே பிடுங்கினான். அவர் தடுக்கவில்லை.

சந்து பொந்தெல்லாம் புகுந்து ஊரைத் தாண்டிப் பெரிய ரோட்டைப் பிடித்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. இத்தனை நாள் வெயில் என்றால் வியர்வை, தாகம், அவ்வளவுதான். இன்றைக்கு அந்த வெயிலைப் பார்த்தால் அவனுக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு மேகமாவது வந்து தொலையக்கூடாதா? இருட்டிக்கொண்டு வந்தால் அந்தக் காரின் விளக்கு எரியுமே, அந்த மெஷின் மூச்சு விடுமே! வானத்தில் பஞ்சு அளவுக்குக்கூட மேகம் இல்லை.

தூரத்தில் ஒரு வெள்ளைக் கார் தெரிந்தது. முறுக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் சேர்ந்து, "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கூவினான். உள்ளே வேறொரு குடும்பம். டூல்ஸ் பையும் வியர்த்த முகமுமாகத் துரத்தி வருகிறவனைப் பார்த்த அந்த ஆள், கொள்ளைக்காரன் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டான். இன்னொரு சமயமாக இருந்தால் எறும்பே விழுந்து விழுந்து சிரித்திருப்பான். இப்போது அழுகைதான் வந்தது. 'தாராளமாப் போலாம்மா' என்று சொன்னது தான்தானே என்பது ஒன்றே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் சொல்லியும் கேட்காதவள் தன் பேச்சை நம்பி வண்டியில் ஏறினாள். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பொட்டல் காடு ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்தில், பூட்டிக் கிடந்த ஒரு பங்ச்சர் கடைக்கு எதிரே அந்தக் கார் நின்றிருந்தது. நான்கு கதவும் திறந்திருந்தன. வாத்தியார் சட்டையெல்லாம் நனைந்து, பின்சீட்டுக்குள் குனிந்து, சாக்கெட்டில் பிளக்கைச் சொருகுவதும் உருவுவதுமாக இருந்தார். மெஷின் 'பீப் பீப்' என்று விடாமல் அலறிக்கொண்டிருந்தது.

"லைட்டைப் போடுங்க சார்! லைட்டைப் போடுங்க!" என்று பைக்கில் வரும்போதே எறும்பு கத்தினான்.

வாத்தியார் நிமிர்ந்து மலங்க மலங்க விழித்தார். உச்சி வெயிலில் எவனோ ஒருவன் லைட்டைப் போடச் சொல்லிக் கத்திக்கொண்டு வருகிறான். "என்னது?"

அவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. எறும்பு பைக்கை அப்படியே மண்ணில் சாய்த்துவிட்டு ஓடினான். டிரைவர் சீட்டில் பாய்ந்து சாவியைப் போட்டு எஞ்சினைக் கிளப்பி, விளக்குத் திருகியைக் கடைசி வரை திருப்பினான். டேஷ்போர்டுக்கு அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். அலறல் நின்றது. பச்சை விளக்கு எரிந்தது.

திரும்பிப் பார்த்தான். அந்த அம்மா சீட்டில் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. இரண்டு கையாலும் முன்சீட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். தோளும் கழுத்தும் ஏறி ஏறி இறங்கின. மெஷின் புஸ் புஸ்ஸென்று காற்றைத் தள்ளியது. அவள் விரல்கள் சீட்டை விட்டுத் தளர்கிற வரைக்கும் எறும்பும் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் வந்தது.

"எப்படித் தம்பி வந்தீங்க? தெய்வம் மாதிரி..." என்று வாத்தியார் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெய்வமும் இல்ல ஒண்ணும் இல்ல சார். தப்பே என்னோடதுதான். கம்பியை மாத்திப் புடிச்சிட்டேன். லைட்டு எரிஞ்சாத்தான் அதுல கரண்ட் வரும். ஷெட்டுல இருட்டா இருந்தது, அதனால எரிஞ்சது. நான் வெளிய கொண்டுவந்து பார்க்கலை."

பிடித்த கை அப்படியே மேலே ஏறிக் காலரைப் பிடித்தது. ஒரு பையனைக்கூட அடிக்காத வாத்தியார் என்று பார்த்தாலே தெரியும். அவருக்குக் காலரைப் பிடிக்கக்கூடச் சரியாக வரவில்லை. "கொன்னிருப்பியே! என் கண்ணு முன்னாடியே கொன்னிருப்பியேடா!"

"ஆமா சார்," என்றான் எறும்பு.

உள்ளேயிருந்து அந்த அம்மா சீட்டைத் தட்டினாள். "என்னங்க... சண்டையை... அப்புறம் போடுங்க. அந்தத் தம்பி... வேலையை முடிக்கட்டும்."

"இனிமே இவன் கை வைக்கவே கூடாது. லைட்டு எரிஞ்சா போதுமில்ல? லைட்டைப் போட்டுக்கிட்டே போறேன்."

"எதிர்ல வர்றவன் எல்லாம் லைட்டை அணைன்னு கையைக் காட்டுவான் சார். நீங்க ஒரு ஞாபகத்துல அணைச்சிடுவீங்க," என்றான் எறும்பு. வாத்தியாருக்குத் தன்னைப் பற்றித் தெரியும். காலரை விட்டார்.

"செய்ங்க தம்பி," என்றாள் அவள்.

"கம்பியை மாத்தும்போது கொஞ்ச நேரம் கரண்ட் நிக்கும்மா. மெஷின்ல ஓரளவு சார்ஜ் ஏறட்டும். நீங்க சொன்னதும் ஆரம்பிக்கிறேன்."

காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் எறும்பு காரைச் சுற்றி நடந்த நடைக்கு அங்கே ஒற்றையடிப் பாதையே விழுந்திருக்கும். பாட்டிலிலிருந்து இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அவளே பேச்சைத் தொடங்கினாள். "என்னை விட உங்களுக்குத்தான் தம்பி மூச்சு வாங்குது. டியூப்ல பாதி வேணுமா?" வாத்தியார் சிரிக்கவில்லை. எறும்புக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

பிறகு அவள் தலையசைத்தாள். எறும்பு டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தான். வண்டி நல்ல வெயிலில் நிற்கிறதா என்று முதலில் எட்டிப் பார்த்துக்கொண்டான். விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொரு கம்பியாகக் குத்தினான். சீட்டுக்குப் பின்னாலிருந்து அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு கம்பியைக் குத்துவான், அந்தச் சத்தம் அடுத்து வருகிறதா என்று காது கொடுப்பான், அப்புறம் அடுத்த கம்பிக்குப் போவான். கடைசியில் வைப்பருக்குப் போகிற சாவிக் கம்பியைப் பிடித்தான். ரிலேயை அதற்கு மாற்றினான். 'டிக்' என்றது.

"லைட்டு அணைஞ்சிருக்கா?" என்று கேட்டாள் அவள்.

"அணைஞ்சிருக்கும்மா. நீங்களே பாருங்க."

வாத்தியார் காரின் முன்னால் போய்க் குனிந்து இரண்டு விளக்குகளையும் கையால் வெயிலை மறைத்துப் பார்த்தார். அணைந்துதான் இருந்தன. உள்ளே பச்சை எரிந்தது. சாவியை எடுக்கச் சொன்னார், பச்சை அணைந்தது. போடச் சொன்னார், எரிந்தது. இம்முறை தேயத் தேயத் திருகிப் பார்த்தது அவர்தான்.

"திரும்பிடலாமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"தங்கச்சி காத்துக்கிட்டிருப்பா," என்றாள். வாத்தியார் நான்கு கதவையும் சாத்தினார். எறும்பிடம் நன்றியும் சொல்லவில்லை, வசவும் சொல்லவில்லை, ஏறி உட்கார்ந்தார். அவள் மட்டும் கண்ணாடியை இறக்கி, எறும்பின் நம்பரைக் கேட்டுத் தன் போனில் பதிந்துகொண்டாள். கார் இண்டிகேட்டர் போட்டு, ஆளில்லாத ரோட்டில் ஏறிப் போயிற்று.

கடைக்குத் திரும்பியவன் அன்று ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. முதலாளி திட்டினார், அது அவன் காதில் ஏறவில்லை. கம்பியை நன்றாக முறுக்கினோமா? டேப் சுற்றினோமா? சுற்றினோம். வெயில் சூட்டில் டேப் இளகுமா? அடிக்கொரு தரம் வாத்தியாருக்குப் போன் போட்டான், அணைந்தே கிடந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். அவள் தையலை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கணுமே," என்றான்.

"சேர்ந்திருப்பாங்க. போனை வெச்சிட்டுக் கை கழுவுங்க. முறைச்சிக்கிட்டே இருந்தா அடிச்சிடுமா?" என்றாள். சொன்னாளே தவிர, அவளும் இரண்டு தையலுக்கு ஒருமுறை போனைத்தான் பார்த்தாள். வெளியே மங்கிக்கொண்டு வந்தது. எறும்பு வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தான்.

போன் அடித்தது. எடுக்கிற அவசரத்தில் கைதவறிக் கீழே விழுந்தது. மனைவி எடுத்து அவன் காதில் வைத்தாள்.

"தம்பி, நான்தான்." ஒரு மூச்சு. "வந்துட்டோம்."

அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. "அம்மா, பச்சை விளக்கு..."

"வழியெல்லாம் பச்சைதான். அவர் ரோட்டைப் பார்த்ததை விட அதைத்தான் பார்த்துக்கிட்டு வந்தார்." மறுபடி ஒரு மூச்சு. "இருங்க, வெச்சிடாதீங்க. இதைக் கேளுங்க."

போனில் கொஞ்ச நேரம் சரசரவென்று துணி உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டு அழுதது. காது கிழிகிற மாதிரி அழுகை. தையல் மெஷின் பக்கத்திலிருந்த அவன் மனைவிக்கே கேட்டது. இழுத்து ஒரு மூச்சு வாங்கி, மறுபடியும் வீடே அதிரக் கத்தியது.

"கேட்டுச்சா? என் மடியிலதான் இருக்கா," என்றாள் அந்த அம்மா. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "எவ்வளவு மூச்சு பாருங்க தம்பி அவளுக்கு!"

"ஆமாம்மா," என்றான் எறும்பு. குழந்தை அழுது ஓய்கிற வரைக்கும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.